முத்திரை எண் நாற்பத்தொன்று

ஏகாம்பரம் அவர்கள் மறைந்த செய்தி வந்தபோது நான் தொழிற்சாலை உணவகத்தில் கையில் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். அழைத்தவர் அவருடைய மனைவி வசந்தா அண்ணி. "அவரு காலைல போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. வர்றதுன்னா வாங்க, வராட்டியும் பரவால்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளுக்கு நான் முழுத் தகுதி உடையவன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே 'தரமே எங்கள் உயிர்' என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது. தரத்தை உயிராக மதித்த ஒரே மனிதரை வெளியே துரத்திய பிறகு, அந்தப் பலகைக்குப் புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் அவர்கள் ஆரணியை ஒட்டிய சேவூரில் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக் படித்து, தொண்ணூறுகளில் இரண்டு மூன்று பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு, ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராகச் சேர்ந்தார். வெளிநாட்டு விமானங்களுக்குக் கதவுச் சட்டம் செய்து அனுப்பும் கம்பெனி. அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவரைப் பற்றிய கட்டுரையில் இடம்பெறும் மரியாதை அதற்கு வேண்டாம். நான் சந்தவாசல்காரன். சில ஆண்டுகள் கழித்து அதே பிரிவில் சேர்ந்தேன். ஊர்ப்பக்கத்துப் பையன் என்று எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சட்டத்தில் ஆணி இறுக்கும் துளைகள் வரிசையாக இருக்கும். எங்கள் கையில் ஒரு சிறிய இரும்புக் குச்சி. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். அந்தச் சட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும். சரியாக இருந்தால் அதற்கான தாளில் அவரவர் முத்திரையைக் குத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் சுண்டுவிரல் அளவில் ஓர் எஃகு முத்திரை, அதில் அவருடைய எண். அவருடைய எண் நாற்பத்தொன்று.

மற்ற நாங்கள் எல்லோரும் முத்திரையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்திக்கொள்ளலாம். பேனாவை இரவல் கொடுப்பதுபோலத்தான் அது எங்களுக்கு. அவர் மட்டும் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். கழிவறைக்கும் அதோடுதான் போவார், ஊருக்கும் அதோடுதான் போவார். நாங்கள் சிரிப்போம். "நான் இல்லாதப்ப அது குத்துச்சின்னா, அப்பால அது என் நம்பரா?" என்பார். அப்போதும் சிரிப்போம்.

ஒரு வருடம் வேலை மலைபோல் குவிந்தது. தேய்ந்த துளையூசியை மாற்றக்கூட நேரம் கொடுக்காமல் ஓட்டினார்கள். துளைகள் நீள்வட்டமாக வந்தன. அண்ணன் சட்டம் சட்டமாக ஒதுக்கி வைத்தார். மேலாளர் வந்தார். துளையை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரியாமலே தரத்துக்குத் தலைமை தாங்கிய மகானுபாவர். "பெயின்ட் அடிச்சா தெரியாது ஏகாம்பரம்" என்றார். "பெயின்ட் அடிச்சா நமக்குத் தெரியாதுங்க சார். ஓட்டை அங்கியேதான கீது?" என்றார் அண்ணன்.

அந்த ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு படவேட்டுக்குப் போனார். ரேணுகாம்பாள் கோயிலில் அண்ணனுக்கு மொட்டை போடுவதாக அண்ணி வேண்டுதல் வைத்திருந்தார்; அவரால் அன்று வர முடியவில்லை. விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அதே மேலாளர். சனிக்கிழமை மொட்டைத் தலையோடு அண்ணன் திரும்பி வந்தபோது ஒதுக்கி வைத்திருந்த சட்டங்கள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கப்பலுக்குப் போயிருந்தன. அவற்றின் தாள்களில் வெள்ளிக்கிழமை தேதியோடு நாற்பத்தொன்று குத்தியிருந்தது.

அசல் அவர் கழுத்தில் தொங்கியது. ஒதுக்கிய சட்டத்தை ஒதுக்கியவரே முத்திரை குத்தித்தான் விடுவிக்க வேண்டும் என்பது விதி; அதனால் கடைத்தெருவில் யாரிடமோ போலி வெட்டி வாங்கியிருக்கிறார்கள். அசலில் ஒன்று என்ற இலக்கத்தில் ஒரு சிறு வெட்டு உண்டு, ஒருமுறை கீழே விழுந்ததில் வந்தது. தாளில் இருந்த எண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கம்பெனி அந்த வருடம் ஒழுங்காகச் செய்யவைத்த ஒரே பொருள் அந்தப் போலி முத்திரைதான். ஆனால் யாருடைய எண்ணைத் திருடுகிறோமோ அவர் அன்று வேலைக்கு வந்திருக்கிறாரா என்று பார்க்கும் அளவுக்குக்கூட அந்த மூளைகளுக்குத் துப்பில்லை.

அவர் புகார் எழுதினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பேப்பர்லருந்து என் நம்பர எடுங்க. அந்தச் சட்டங்களத் திருப்பி வரவழைங்க." விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அதற்குள் விடுப்புக் கடிதம் காணாமல் போயிருந்தது. வருகைப் பதிவேட்டில் அவர் வெள்ளிக்கிழமை வந்ததாக இருந்தது. அண்ணன் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைக் காட்டினார். "மொட்டை எந்த நாளும் அடிச்சிக்கலாமே" என்றார் மூவரில் ஒருவர். அந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டு மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

பிறகு சாட்சியைக் கூப்பிட்டார்கள். அன்று விடுப்பில் படவேட்டுக்குப் போயிருந்த இன்னொருவன். அது நான். அண்ணனோடு ஒரே பேருந்தில் போனேன். ஒரே நாவிதரிடம் அவருக்கு அடுத்ததாக உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். "அங்கே ஏகாம்பரத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டிய மாதம் அது. "ஆடி வெள்ளி, ஒரே கூட்டம் சார். கவனிக்கல" என்றேன். சொல்லும்போது என் தலையும் மொட்டையாகத்தான் இருந்தது. இந்தக் கட்டுரையில் நான் யாரை எவ்வளவு கேவலமாகப் பேசினாலும், அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான் என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் அண்ணன் திட்டவில்லை. என் தலையை ஒருமுறை பார்த்தார். "முடி வளந்துடும்பா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம், முத்திரையை ஒப்படைக்கும்படியும் அந்த எண் வேறு ஆளுக்குப் போகும் என்றும் உத்தரவு வந்தது. அவர் நேராக வேலை மேசைக்குப் போய், முத்திரையை இடுக்கியில் இறுக்கி, எல்லோர் முன்னாலும் அரத்தால் எண்ணை மழுங்க ராவிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். நிறுவனச் சொத்துக்குச் சேதம் விளைவித்தார் என்று வேலைநீக்கம் செய்தார்கள். விமானக் கதவில் கோணல் துளை போட்டவன் ஒருவனுக்கும் ஒரு கேள்வி இல்லை. சுண்டுவிரல் அளவு எஃகுக்கு மட்டும் அவர்களுக்கு அப்படி ஓர் அக்கறை.

சேவூருக்குத் திரும்பி, விசைத்தறி பழுதுபார்க்கும் வேலையில் இறங்கினார். அங்கிருந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கும் விமானத்துறை அலுவலகத்துக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஒருமுறை இரண்டு அதிகாரிகள் கம்பெனிக்கு விசாரிக்க வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், ஆளுக்கொரு பட்டுச் சால்வையோடு கார் ஏறினார்கள். அந்தச் சால்வை ஆரணியில் நெய்தது என்பது எனக்குக் கூடுதல் அருவருப்பு.

ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? அவருக்கு ஏரோப்ளேன் என்று பெயர் வைத்தார்கள். தெருவில் வந்தால், "ஏரோப்ளேன் வந்துகினு கீது, ஒதுங்குங்கப்பா" என்பார்கள். ஒரு பட்டு வியாபாரி, சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஓர் இழை அறுந்திருந்தாலும் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பி அனுப்புபவர், இவரை நிறுத்திக் கேட்டாராம்: "இத்துனூண்டு ஓட்டைக்கா வேலைய விட்ட? ஒரு ப்ளேனாவது விழுந்துச்சா?" அண்ணன் சொன்ன பதிலை அண்ணிதான் எனக்குச் சொன்னார். "விழுந்தாதான் நம்புவீங்களா? விழக் கூடாதுன்னுதான எழுதிகினு கீறேன்."

இறுதிச் சடங்கன்று மேலாளர் ஓசூரிலிருந்து காரில் வந்தார். கம்பெனிப் பெயர் பொறித்த நாடாவோடு ஆள் உயர மாலை. "தங்கமான மனுஷன். கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்" என்று துயரம் தோய்ந்த குரலில் சொன்னார். அண்ணி எழுந்து வந்தார். "அந்தப் பேப்பர்ல அவரு நம்பர எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பழைய ரெக்கார்டும்மா. இப்ப எதுக்கு?"

"அப்போ மாலையையாவது எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் அண்ணி. தரத்துக்குத் தலைமை தாங்கியவர் தன் மாலையைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். யாரும் கை கொடுக்கவில்லை.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அன்னிக்கு அவரு கூடத்தான் இருந்தீங்களாம். சாவுற வரைக்கும் எங்கிட்ட அவ்ளோதான் சொன்னாரு. உங்கள ஒரு வார்த்த தப்பா பேசல."

"ஆமாங்கண்ணி, இருந்தேன்."

"அத எழுதிக் குடுங்க" என்றார்.

பதினாறாம் நாள் நினைவு மலருக்காக எழுதிக் கொடுத்துவிட்டேன். இதன் படிகள் கம்பெனிக்கும், அண்ணன் கடிதம் போட்ட எல்லா முகவரிகளுக்கும் போகின்றன. என் வேலை போகும், போகட்டும். அந்த ஆடி வெள்ளி காலை முதல் மாலை வரை ஏகாம்பரம் அவர்கள் படவேட்டில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தத் தாள்களில் உள்ள நாற்பத்தொன்று அவர் குத்தியது அல்ல.

போய் வாருங்கள் அண்ணே. நீங்கள் சொன்னபடி முடி வளர்ந்தது. இதைச் சொல்ல வாய் வருவதற்குள் அது நரைத்தும் விட்டது.