அம்மாவின் ரிப்போர்ட்டில் விழுந்த நட்சத்திரம்

அப்பா தினமும் குடிக்கிறவர். ஈரலுக்கு ரத்தம் சோதிக்கத் தனியாக வர மாட்டேன் என்று அடம்பிடித்ததால், அம்மாவையும் ரத்தம் கொடுக்கச் சொல்லி இருவரையும் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ரிப்போர்ட்டில் ஈரலுக்கான அளவு இருவருக்கும் ஒரே எண்ணாகத்தான் வந்திருந்தது. அம்மாவின் எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரக் குறி. பெண்களுக்கான உச்ச அளவு ஆண்களுடையதைவிடக் குறைவு, அதனால் அப்பாவுக்குச் சரியான எண் அம்மாவுக்கு அதிகம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெல்தோட்டை பஸ்ஸில் வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் அம்மா வீட்டுக்குப் பின்னால், ஈரலுக்கு நல்லதென்று கீழாநெல்லி பிடுங்கி, அம்மியில் அரைத்து மோரில் கலக்கினார். இப்போதாவது தன் உடம்பைக் கவனிக்கிறாரே என்று நினைத்தேன். டம்ளரை அப்பாவிடம் நீட்டினார்.

"நட்சத்திரம் உங்களுக்குத்தானேம்மா போட்டிருக்கு" என்றேன்.

"லேப்புல மாத்திப் போட்டிருப்பாங்க. குடிக்கிறவரு அவருதானே."

டாக்டர் சொன்னதை அப்பாவும் கேட்டிருந்தார். முழுவதையும் குடித்துவிட்டு, கழுவி வைக்கச் சொல்லி டம்ளரை அம்மாவிடம் கொடுத்தார்.