வெளியாள்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மத்தியானம் ஒரே குடைக்குள் நடந்து வந்த இரண்டு பெண்கள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறார்கள். மணலுக்கு மேல் வெயில் தண்ணீர் மாதிரி நடுங்கியது. இருவரும் கால் தரையில் படாமல் மிதந்து வருவதாகவே எனக்குத் தோன்றியது. மூத்தவரை எல்லோரும் அக்கா என்பார்கள். இளையவள் அவரோடு தொழில் செய்த சிதம்பரத்துப் பெண். பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடிப்போய் ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்து வருவது அப்போது கடலூரில் என் வேலை.

ஆணுறை விஷயத்தில் அக்கா படு கறார். வேண்டாம் என்கிற ஆளை வந்த வழியே விரட்டிவிடுவார். இடுப்பு வலிக்கென்று போட ஆரம்பித்த மாத்திரை, நாளடைவில் இருவருக்கும் போதை ஊசியாகிவிட்டிருந்தது. அதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கண் சொருகினால் வந்த ஆள் ஆணுறை போடாமல் ஏமாற்றிவிடுவான் என்று, தொழில் முடியும்வரை ஊசியைத் தொடமாட்டார்கள். முடிந்த பிறகு சேர்ந்து போட்டுக்கொள்வார்கள். அந்த ஒழுங்கைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஊசி தனித்தனிதானே என்று பிறகுதான் கேட்டேன்.

"எதுக்கும்மா தனியா? அவ என்ன வெளியாளா? ஒரே தட்டுல சாப்புடுறவங்க நாங்க" என்றார் அக்கா.

ஊரானிடம் அத்தனை உஷாராக இருந்தவர்கள் பாசத்திடம் ஏமாந்திருந்தார்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தால் ஊசி வழியே மற்றவருக்கும் போய்விடும் என்று விளக்கினேன். இளையவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே இருவரும் பரிசோதனைக்கு வந்தார்கள்.

முடிவைத் தனித்தனியாகச் சொல்வதுதான் வழக்கம். இவர்களோ சேர்ந்துதான் கேட்போம் என்று கைகோத்து உட்கார்ந்துகொண்டார்கள். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது.

"யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. அது தெரிஞ்சா நாங்க ரெண்டா பிரிஞ்சிடுவோம்" என்றார் அக்கா.

இந்தப் பரிசோதனையில் அதெல்லாம் தெரியாது என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது எனக்குச் சிதம்பரத்தில், எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் மையத்தில் வேலை. இளையவளின் ஊருக்கே குடிவந்துவிட்ட இருவரும் மாத்திரை வாங்கச் சேர்ந்துதான் வருவார்கள். போன மாதம் இளையவள் மட்டும் வந்தாள். ஜன்னல் வழியே விழுந்த மாலை வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில் இருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. அக்கா எங்கே என்றேன்.

"அவங்களுக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்திருக்காங்க. அவங்க ஊசிய விட்டுட்டாங்க மேடம். என்னாலதான் முடியல. புது ஊசி அவங்களே வாங்கியாந்து குடுப்பாங்க. நான் போட்டுக்குறப்ப செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாங்க" என்றாள். மாத்திரையைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எழுந்து மட்டும் போவ மாட்டாங்க."