எந்தச் சாமியும் கட்டாத நிறம்

இந்த ஊரில் சோப்புக்கு வீடு கிடையாது. பினாங்கு நண்பர்களே, நம்புங்கள். காலையில் குளிக்கப் போகிறவர் சோப்பு டப்பா, சீயக்காய்க் கிண்ணம், பற்பொடி, துண்டு என்று ஒரு சின்ன ஊர்வலமாகக் கிணற்றடிக்குப் போகிறார். குளித்து முடித்ததும் அதே ஊர்வலம் சொட்டச் சொட்டத் திரும்பி வருகிறது. குளியலறையில் எதுவும் தங்குவதில்லை. வாளிகூட விருந்தாளிதான். பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மூன்று தட்டு அலமாரி ஒன்று, சுவரோடு கூடப் பிறந்தது போல இருந்தது. கண்ணில் நுரையோடு கை நீட்டினால் போதும், எண்ணெய் எங்கே, சீப்பு எங்கே என்று கைக்கே தெரியும். காஞ்சிபுரத்துக்கு வந்து எட்டு மாதமாகியும் என் கை காற்றைத்தான் துழாவிக்கொண்டிருந்தது.

அங்கே குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரனுக்கு இனி வேலை அனுமதி இல்லை என்று ஆன பிறகு, அப்பா பிறந்த ஊர் என்ற ஒற்றை உறவை நம்பி வந்தவன் நான். துறைமுகக் கிடங்கில் மூட்டைகளுக்கு முத்திரை குத்திய கை இப்போது ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறது. என் மனைவி சரோஜாவின் கார்டு நீலம். அவள் அந்த நாட்டுப் பிரஜை, அம்மாவும் அங்கேதான். எந்தக் கப்பலிலும் ஏறலாம். எனக்காக வந்தாள். எத்தனை நாளைக்கு என்று அவளும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியமில்லை.

குடியிருப்பது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டு. வீட்டுக்காரர் கோதண்டம் தறியில் இருப்பார். அவர் மனைவி ராஜம்மா மற்ற எல்லா இடத்திலும் இருப்பார். கிணற்றை ஒட்டிய குளியலறைக்குப் பாதிக் கூரைதான். ஒரு நாள் சரோஜா கிணற்றுச் சுவர் மேல் சோப்பை வைத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்குள் காக்கை அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அவள் அம்மா அனுப்பிய கடைசி சோப்பு. ஈரத் தலையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

“என் சாமானை வைக்க இந்த ஊர்ல ஒரு சாண் இடம் பண்ணிக் குடுங்க. இல்லாட்டி அடுத்த கப்பல்ல நான் போயிடறேன்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே மரச்சாமான் கடைக்கு ஓடினேன். பார்த்தவுடன் பிடித்துவிட்டது ஒன்று: இரண்டு கதவு, இரண்டு தட்டு, அடியில் ஓர் இழுப்பறை. கதவுகளில் வரிசையாகப் பூப்பூவாய்த் துளைகள். ஈரம் உலர இதைவிட என்ன வேண்டும்! உச்சியில் இரண்டு மயில்கள் ஒரு தாமரையைக் கொத்திக்கொண்டிருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

“வூட்ல எந்த சாமி சார்?” என்றார் கடைக்காரர்.

“எல்லா சாமியும்தாங்க.”

“அப்ப ரெண்டு தட்டு பத்தாதே சார்.”

நாம் அங்கே மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பது போல இங்கே சாமியைப் பற்றிக் கொடுப்பார்கள் போல என்று சிரித்துவைத்தேன். அலமாரியின் நெற்றியில் அவர் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இந்த ஊரில் புது சைக்கிளுக்கும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ரிக்‌ஷாவிலிருந்து இறக்கும்போதே ராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். “நல்ல காரியம் சார். இத்தினி நாளா உங்க வூட்ல சாமிக்கு ஒரு எடம் இல்லியேன்னு எனக்கு ஒரே கொறை. எந்த மூலையில வைக்கப் போறீங்க?”

“குளியலறையில்,” என்றேன்.

முன்கட்டில் தறி நின்றது.

“குளிக்கிற ரூம்புலயா? சாமியவா?”

“சாமி இல்லம்மா. சோப்பு.”

“அய்யய்யோ! சாமி பொட்டில சோப்பா!”

அப்போதுதான் புரிந்தது. பினாங்கில் எங்கள் வீட்டுச் சாமிக்குச் சுவரில் ஒரு பலகை, ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான், கதவெல்லாம் சோப்புக்குத்தான். இங்கே கதவு சாமிக்கு. துளைகள் ஊதுபத்திப் புகை வெளியே போவதற்காம். பின்னால் சரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எட்டு மாதச் சிரிப்பை ஒன்றாக.

“சிரிக்காதம்மா. இது மட்டும் பின்னால போச்சுதுன்னா, ரெண்டு பேரும் வேற வூடு பாத்துக்கினு போவ வேண்டியதுதான்.”

சரோஜா சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குக் கப்பலின் சங்கொலி கேட்டது.

கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கோதண்டம்தான் தறிக்குழியிலிருந்து ஏறிவந்து நியாயம் பேசினார். “உள்ள வெளக்கு ஏத்திட்டீங்களா சார்?”

“இல்லீங்க.”

“அப்ப அது இன்னும் மரந்தான் ராஜம்மா.”

“குங்குமம் வெச்சிருக்குதே!”

“தறிக்கும்தான் வெக்கிற. அதுல சாஞ்சிக்கினு நான் வெத்தலை போடலியா?”

ராஜம்மா இரண்டு நிபந்தனைகளோடு கொஞ்சம் இறங்கிவந்தார். மயிலை அறுத்தெடுக்க வேண்டும். பார்க்கிறவர் யாரும் சாமி பெட்டி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடாத நிறத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டும். சுலபம் என்று நினைத்தேன். நிறங்களுக்கு நடுவே பிழைக்கும் ஊரில் அதைவிடக் கஷ்டம் எதுவுமில்லை.

“மஞ்சள்?” என்றேன்.

“பெருமாள் பீதாம்பரம்,” என்றார் ராஜம்மா.

“சிவப்பு, பச்சை?”

“ரெண்டும் அம்மனுக்கு.”

“நீலம் கண்ணன், தெரியும். வயலட்?”

“போன ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குச் சாத்துனது. நானே நெஞ்சேன்,” என்றார் கோதண்டம்.

“கறுப்பு?”

“சனி பகவான் கோச்சிக்குவாரு சார்.”

சரோஜா, “நான் கலக்குறேன்,” என்றாள்.

வெள்ளை எனாமல், பச்சையில் இரண்டு கரண்டி, நீலம் ஒரு சொட்டு, கறுப்பில் நனைத்த குச்சியின் நுனி. கலக்கினாள், பார்த்தாள், கண்ணை மூடினாள், மறுபடி கலக்கினாள். மங்கலாய், வெயிலும் உப்புக்காற்றும் தின்று மிச்சம் வைத்த ஒரு நிறம் டப்பாவுக்குள் திரண்டுவந்தது. அவள் அம்மா வீட்டுச் சன்னல் கதவுகளின் நிறம். நாற்பது வருஷம் பார்த்த நிறத்தை அவள் எந்தப் பெயிண்ட் அட்டையிலும் தேடவில்லை.

கோதண்டம் விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சாயம் போன புடவை மாதிரி இருக்குது. இந்தக் கலரு நான் தறியில ஏத்துனதே இல்ல. சாமியும் கட்டாது, பொண்ணும் கட்டாது.”

“அப்பச் சரி,” என்றார் ராஜம்மா.

இரண்டு நாள் கொண்டாட்டம். மயில்களை அறுத்தோம்; ராஜம்மா வாங்கித் தன் பூஜை மாடத்தில் வைத்துக்கொண்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். சோப்புத் தண்ணீர் வடிய மேல்தட்டில் ஓட்டை போட்டேன். எதுவும் வழுக்கி விழாமல் தட்டுகளின் முன்விளிம்பில் சட்டம் அடித்தேன். பக்கத்தில் துண்டுக்கு ஒரு கொக்கி. வெளிப்பக்கம் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் கூரையுள்ள பக்கத்துச் சுவரில் மாட்டினோம். உள்பக்கம் அப்புறம் அடிக்கலாம் என்றாள் சரோஜா.

ஒரு வாரம் கழித்து, கேட்காமல் கொள்ளாமல், கீழ்த்தட்டில் ராஜம்மாவின் மஞ்சள் கிழங்கு குடிவந்தது.

அலமாரி மாட்டி மூன்று மாதமாகிறது. மதராஸிலிருந்து கப்பல் புறப்படும் செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் ராஜம்மா துணி துவைத்துக்கொண்டே கேட்கிறார்: “என்னாம்மா சரோஜா, இதுல போறியா?”

“உள்ள இன்னும் பெயிண்டு அடிக்கலையே லா. அது முடியட்டும்,” என்கிறாள் அவள், பினாங்கு ‘லா’வை இன்னும் விடாமல்.

பாதி டப்பா பெயிண்ட் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அதைத் திறப்போமா என்று நான் கேட்பதில்லை. காலையில் கண்ணில் நுரையோடு கை நீட்டுகிறேன், கதவு திறந்துகொள்கிறது. உள்ளே நிறம் ஏறாத மரம், இந்த ஊர்க் கடையின் வாசனையோடு அப்படியே. வெளியே அவள் அம்மா வீட்டுச் சன்னல். அதன் மேல், கைப்பிடி ஓரமாய், ராஜம்மாவின் ஈர விரல்கள் விட்டுப்போன மஞ்சள் தடம். தினமும் எல்லாவற்றையும் துடைக்கிற சரோஜா அதை மட்டும் சுற்றிக்கொண்டு துடைக்கிறாள்.