நாய்க்காக ஓடிய தறி

எங்கள் நாய்க்குத் தன் பெயர் தெரியாது. பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. கால்நடை மருத்துவமனையில் சீட்டு எழுதியவர் கேட்டபோது அவசரத்துக்கு என் வாயில் வந்த பெயர் அது. அதைச் சொல்லி வீட்டில் ஒருவரும் அவனைக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருமே யாரையும் கூப்பிடுவதில்லை. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடும் வீடு. முன்னால் தறிக்கூடம், பின்னால் இரண்டு அறை, சமையலறை. ஆறு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். அதனால் எல்லாவற்றுக்கும் கைதான். தொடையைத் தட்டினால் வா. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சோறு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் அங்கேயே இரு. நான் பேசப் பழகியதற்கு முன்பே இதைப் பழகியிருப்பேன். நாயும் அப்படியே பழகிக்கொண்டது.

அவனுக்கு முன்னால் அவன் அம்மா இருந்தாள். கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு பிடி வெள்ளை. நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வருவாள். நான் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டியதும் நின்று, நான் பஸ் ஏறும்வரை பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஒருநாள் பைபாஸ் வரை போய்விட்டாள். லாரி அடித்துவிட்டது. "எத்தன ஹாரன் அடிச்சனுங்க, திரும்பிக்கூடப் பாக்குலீங்க" என்று டிரைவர் அழாத குறையாகச் சொன்னாராம். பார்த்திருக்க மாட்டாள். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு லாரி ஹாரன் ஒரு சத்தமா? வேறு ஊர் நாயாக இருந்தால் பயந்து ஓடிப் பிழைத்திருக்கும். அப்பா அவளைத் தறியிலிருந்து அறுத்த துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பின்கட்டில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தார். அந்த வாரமே வாசலில் இரும்பு கேட் வந்தது.

குட்டி அப்போது பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதன்பின் அவன் அந்தக் கேட்டைத் தாண்டியது டாக்டரிடம் ஆட்டோவில் போனபோது மட்டும்தான். அவன் உலகம் ஆறு தறி, பின்கட்டு, ஒரு முருங்கை மரம். ஆரம்பத்தில் கேட்டின் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பான். பிறகு அதுவும் இல்லை.

நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்தேன். பெங்களூரில் வேலை கிடைத்தது, ஆனால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. நான் குதித்ததைவிட அப்பா அதிகம் குதித்தார். "ஊட்டுல இருந்தே சம்பளம் வாங்கறதுக்கு எதுக்கு கண்ணு அங்க போய்ச் சிரமப்படோணும்?" என்றார். நான் வாதாடினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது, கையால் எவ்வளவு வாதாட முடியும்? பின்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். மீட்டிங்கில் என் முறை வந்து மைக்கைத் திறந்தால் பெங்களூரில் எல்லோரும் சிரிப்பார்கள். "என்னங்க, இன்னிக்கும் ரயில்லயா?" என்று கேட்பார் டீம் லீடர். எங்கள் நாய் அப்போதெல்லாம் என் காலடியில் படுத்திருப்பான். நான் எழுந்தால் எழுவான். வீட்டுக்குள் நான் எங்கே போய்விடப்போகிறேன்? இருந்தாலும் கூடவே வருவான்.

வயதானதும் அவன் இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. இந்த வயதில் மயக்க மருந்து தாங்காது, அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிலும் இடிக்காமல் தறிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பின்கட்டுக்குப் போய்வந்தான். சோறு வைக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நின்றான். மோப்பத்தில் நடக்கிறான் என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். யூடியூபில் பார்த்ததைக் கலந்து கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அப்புறம் ஸ்டிரைக் வந்தது. கூலிக்கு நெய்துகொடுக்கும் சின்னத் தறிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, கூலியை உயர்த்தும்வரை தறி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அப்பா அந்தக் கமிட்டியில் இருந்தார். குறித்த நாள் காலையில் ஊர் மொத்தமும் நின்றுபோனது. என் வாழ்நாளில் எங்கள் தெருவில் காக்கை கத்தி நான் கேட்டது அன்றுதான். மீட்டிங்கில் மைக்கைத் திறந்து பேசினேன். "உங்க குரல் இப்படித்தான் இருக்குமா?" என்று டீம் லீடர் ஆச்சரியப்பட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஸ்டிரைக் இன்னும் கொஞ்ச நாள் நீண்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் சோற்றுத் தட்டோடு வந்த அம்மா கேட்டார்: "உன்ற நாய் எங்க சாமி?"

காலடியில் இல்லை. தறிக்கூடத்தில், மூன்றாவது தறிக்கும் சுவருக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தான். படுக்கவில்லை, நின்றுகொண்டிருந்தான். ஒரு முன்காலை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்ப்பான், பின்னுக்கு இழுத்துக்கொள்வான். மறுபடியும் நீட்டுவான், இழுப்பான். காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறான். கீழே ஈரம் கிடந்தது. அவன் ஒருநாளும் கூடத்துக்குள் அசிங்கம் செய்தவன் இல்லை.

தொடையைத் தட்டினேன். கண் தெரியாதவனுக்குத் தொடையைத் தட்டி என்ன செய்ய? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பெயரை நானே கூச்சத்தோடு சொன்னேன், யாரோ வெளியூர் ஆளைக் கூப்பிடுவதுபோல. அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. காதும் எங்கள் எல்லோரையும்போலக் கொஞ்சம் மந்தம்தான். தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் விட்டேன். அங்கேயும் ஒரு காலை நீட்டி, இழுத்து, நடுங்கிக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து இருக்கும் வீட்டில் தொலைந்துபோயிருந்தான்.

மறுபடியும் தறிக்கூடத்துக்கே தூக்கிவந்து, கருவாட்டைத் தரையில் தேய்த்துப் பாதை போட்டேன். மோப்பம் பிடித்தான், நகரவில்லை. எப்போதோ விளையாட்டுக்குப் பதிந்த தறிச் சத்தம் போனில் இருந்தது. அதை ஸ்பீக்கரில் வைத்துப் பக்கத்தில் வைத்தேன். அதையும் மோந்துவிட்டுச் சும்மா நின்றான். அம்மா ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாம் நாள் படுத்தான், சுவரை ஒட்டி. மூன்றாம் நாள் தண்ணீரும் வேண்டாம் என்றான்.

அன்றுதான் தெருவில் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று போனது, திருச்செங்கோட்டு வண்டி. அது தெருவுக்குள் வந்தால் ஜன்னல் கம்பியெல்லாம் அதிரும். சுவரோரம் கிடந்தவன் சட்டென்று எழுந்தான். காது விறைத்தது. ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி நடந்தான், நேராக. லாரி தெருமுனை திரும்பியது. எடுத்த காலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோப்பம் இல்லை, தரை! ஒவ்வொரு தறியும் ஒவ்வொரு மாதிரி அதிரும். அந்த அதிர்வில் கால் வைத்துத்தான் இத்தனை நாளும் வீட்டை அறிந்திருக்கிறான். இரவில் தறி நின்றதும் விடியும்வரை அசையாமல் படுத்துக் கிடந்ததும் அதனால்தான். நாங்கள் அவன் தரையை நிறுத்திவிட்டோம்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "ஒரே ஒரு தறி, நூல் இல்லாம ஓட்டலாங்ப்பா. கொஞ்ச நேரம். எந்திரிச்சு ஒரு வாய் தின்னுக்குவான்."

அப்பா நாயைப் பார்த்தார். "ஊரே நிறுத்தி வெச்சிருக்குது சாமி. கமிட்டிக்காரன் ஊட்டுல தறிச் சத்தம் கேட்டா என்னாகும்?"

"நெய்யறதில்லீங்ப்பா, சும்மா ஓட்டறது."

"வெளிய நிக்கறவனுக்கு நெய்யற சத்தம் எது, சும்மா ஓடற சத்தம் எதுன்னு தெரியுமா?"

சொல்லிவிட்டுக் கமிட்டி மீட்டிங்குக்குப் போய்விட்டார். கேட் சாத்திய சத்தம் கேட்டதும் அம்மா சேலையை இழுத்துச் செருகினார். பாவு நூல் தீர்ந்து வெறுமனே நின்ற மூன்றாவது தறிக்குப் போய், நூல் இல்லாவிட்டால் தறியைத் தானாக நிறுத்திவிடும் கம்பியை ஒரு துண்டுக் கயிற்றால் கட்டினார். குறுக்கே ஓடும் நாடாவை நூல் இல்லாமல் அதன் பெட்டியில் வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. சுவிட்சைப் போட்டார்.

அமைதியான ஊரில் ஒற்றைத் தறியின் சத்தம் வெடிச்சத்தமாக இருந்தது. அவன் எழுந்தான். வால் ஆடியது. நடந்தான்! நான் கைதட்டிக்கொண்டு பின்னால் போனேன். பின்கட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. ஓடும் தறி வரை வந்து அதன் காலில் உடம்பைச் சாய்த்து நின்றுகொண்டான். மற்ற ஐந்தும் நின்றிருந்தால் அவன் எந்தப் பக்கம் திரும்புவான்? அம்மா பாலை நீட்டினார். கிண்ணம் காலியாகும்வரை நக்கினான்.

அதற்குள் கேட் தடதடத்தது. எதிர்வீட்டுக்காரர், அவர் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"ஏனுங்கக்கா, உங்கூட்டுக்காரர் அங்க மைக்கப் புடிச்சுப் பேசறாரு, நீங்க இங்க கருங்காலி வேல பாக்கறீங்க?"

"உள்ள வந்து பாருங்க. பாவும் இல்ல, நூலும் இல்ல" என்று அம்மா கத்தினார். "நாய்க்கு ஓட்டறம்!"

எதிர்வீட்டுக்காரர் குனிந்து தறிக்குள் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். "நாய்க்கு லுங்கியா, துண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் விளக்கினேன், லாரி, அதிர்வு, கால், எல்லாம். ஒரே மூச்சில். எதிர்வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது நெசந்தான் கண்ணு. நாங்க பாத்துட்டோம். அடுத்த தெருக்காரன் பாக்கலியே? அவனும் சுவிட்சப் போட்டுட்டு, எங்கூட்டுலயும் நாய்க்குத்தானுங்கன்னு சொன்னா?"

யாரோ போன் செய்திருக்க வேண்டும். அப்பா வேகமாக வந்தார். தறிக்குப் பக்கத்தில் போனார், அதன் காலில் சாய்ந்து நின்றவன் தலையில் ஒரு கையை வைத்தார், மறு கையால் சுவிட்சை அணைத்தார். நாய் நின்ற இடத்திலேயே மெல்ல மடங்கிப் படுத்தது.

எல்லோரும் போனபின் அப்பாவோடு நான் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. நாங்கள் வாயால் சண்டை போட்டுப் பழகாதவர்கள். அந்தச் சத்தமில்லாத வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். வெளியே போகலாம் என்று கேட் வரை போனேன். எங்கே போவது என்று தெரியாமல் திரும்பினேன்.

மறுநாள் விடிந்து எழுந்துவந்தால் தறிக்கூடத்தில் அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூன்றாவது தறியின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு, பொத்தென்று, தெருவுக்குக் கேட்காத அளவுக்கு. தட்டு விழும்போதெல்லாம் படுத்திருந்தவனின் காது லேசாக அசைந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் விழுங்கினான்.

அப்பாவுக்குத் தோள் கடுத்ததும் அம்மா சுற்றினார். அம்மா சமைக்கப் போனதும் நான். இப்படியே முறை வைத்துக்கொண்டோம். மீட்டிங்கில் ஹெட்போனைக் காதில் மாட்டியபடியே சுற்றினேன், மைக்கை அணைத்துவிட்டு. அவன் அதன்பின் எழுந்து நடக்கவில்லை. ஆனால் சுற்றும்வரை விழுங்கினான். நிறுத்தினால் வாயை மூடிக்கொண்டான். அதனால் நிறுத்த முடியவில்லை. யாராவது ஒருவர் அந்த ஸ்டூலில் இருந்தாக வேண்டும். வீட்டைவிட்டு ஒருவரும் எங்கும் போகவில்லை. அப்பா கமிட்டிக்குக்கூடப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்.

ஸ்டிரைக் முடியவில்லை. கூலியைப் பற்றி இன்றைக்குப் பேச்சு, நாளைக்குப் பேச்சு என்று இழுத்துக்கொண்டிருந்தது.

அன்று காலை என் முறை. அவன் தறியின் காலில் முதுகை ஒட்டிப் படுத்திருந்தான். சுற்றினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் உடம்பு மெல்லக் குலுங்கியது, விலா எழும்பித் தாழ்வதுபோல இருந்தது. வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். பால் ஸ்பூனை வாயோரம் வைத்தேன், வழிந்தது. மறுபடியும் சுற்றினேன். அசைந்தான். அது அவன் மூச்சா, தறி தரும் குலுங்கலா என்று தெரியவேண்டுமென்றால் நான் சக்கரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. கை வலித்தது, மாற்றுக் கையால் சுற்றினேன். அசைந்துகொண்டே இருந்தான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். பிறகு குனிந்து, சுழலும் சக்கரத்தின் மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.