பாஞ்சாலியின் நாலு லாக் நட்டு

ஜோகுபாளையத்துக் குறுக்குச் சந்து ஒன்றில் இருக்கும் பாஞ்சாலியின் பஞ்சர் கடைக்குக் கதவு கிடையாது. ஒரு தகரக் கூரை, காற்றடிக்கும் மெஷின், தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பலகை. அதில் மஞ்சள் பெயின்ட்டில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கும்: ‘இங்கே கழலாத சக்கரம் கிடையாது.’

கடையை ஆரம்பித்தது அவள் புருஷன் ரவிக்குமார். டயர் வெடிக்கும் சத்தம் தனக்கு ஆகாது என்பது கடை திறந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. மூன்றாம் மாதம் ஒரு லாரி ட்யூப் வெடித்ததும், கழுத்தில் கிடந்த துண்டைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டான். சாப்பாட்டுக் கேரியருடன் வந்த பாஞ்சாலி, அங்கே நின்ற கஸ்டமரைப் பார்த்தாள். கேரியரைக் கீழே வைத்து ஸ்பேனரை எடுத்தாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ரவிக்குமார் இப்போது வைட்ஃபீல்டில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். அந்த பஸ் பஞ்சரானாலும் இவள்தான் போனில் தைரியம் சொல்ல வேண்டும்.

எதிர்க்கடை டென்சிலுடையது. வீல் அலைன்மென்ட், வெல்டிங், கண்ணாடிக் கதவு, உள்ளே மாதா சிலைக்கு ஒரு சின்ன பல்பு. அறுபது வயதிலும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போடுவார். பலகை மாட்டிய அன்றே அவர் ரோட்டைத் தாண்டி வந்து படித்தார்.

“ஒருநாள் ஒரு சக்கரம் கழலாம எங்கிட்ட வருவே மா.”

“வந்தா, அன்னிக்கே இந்தப் பலகைய சுவத்தப் பாத்துத் திருப்பி மாட்டறேன், போங்க.”

சந்தே கேட்க அவள் சொன்ன வார்த்தை அது. இதுவரை திருப்ப வேண்டி வரவில்லை.

இந்த வருஷம் அவள் ஒரு கார் வாங்கினாள். பழைய வண்டிதான், ஆனால் சிவப்பு. நாலு சக்கரமும் அலாய் வீல். அந்த மாதத்தில் பக்கத்துத் தெருவில் இரண்டு கார்களின் சக்கரங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு, கார்களைச் செங்கல்மேல் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பாஞ்சாலி உடனே சக்கரத்துக்கு ஒன்றாக நாலு லாக் நட்டு வாங்கினாள். தலை பூ மாதிரி வெட்டியிருக்கும். அதற்குப் பொருந்தும் கட்டைவிரல் அளவு இரும்புக் குப்பி ஒன்றுதான் சாவி. கடைக்காரர் இரண்டு தினுசு காட்டினார். விலை கூடினதில் நட்டைச் சுற்றி ஒரு வளையம். வேறு ஸ்பேனர் போட்டால் வளையம் மட்டும் சுற்றும், நட்டு அசையாது. “எதிர்க்கடைக்காரரால எது முடியாது?” என்று கேட்டு அதையே வாங்கினாள். டென்சிலிடம் காட்டவும் காட்டினாள். “இத நீங்க என்ன, உங்க மெஷினால கூடக் கழட்ட முடியாது.”

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாள். அந்தச் சாவிக்கும் வைத்தாள். குங்குமத்தையும் சில்லறையையும் பூசணிக்காய்க்குள் கொட்டி, காருக்குத் திருஷ்டி சுற்றி, நடு ரோட்டில் ஓங்கிப் போட்டாள். பாதி டென்சில் வாசலில் தெறித்தது. அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. கார் வாங்கிய வயிற்றெரிச்சல் என்று பாஞ்சாலி நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்ஸவத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கடை முன்னால் நின்ற சிவப்புக் காரின் பின்சக்கரம் காற்றில்லாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. கன்னட சங்கச் செயலாளர் கிருஷ்ணப்பா கையில் மஞ்சள் சிவப்புத் துணிச் சுருளோடு வந்து நின்றார்.

“ஏனம்மா பாஞ்சாலி, நாலு மணிக்கு இங்க மேடை போட சாமான் லாரில வருது. கார எடுத்துடும்மா.”

“அஞ்சு நிமிஷ வேலை, சார்.”

ஸ்டெப்னியை இறக்கினாள். மற்ற நட்டுகளைக் கழற்றினாள். சாவிக்குக் கையை நீட்டினாள். ஆணியில் சாவி இல்லை. டப்பாவில் இல்லை, சீட்டுக்கு அடியில் இல்லை, மல்லிகைப்பூப் பையில்கூட இல்லை. ரவிக்குமாருக்குப் போன் போட்டாள்.

“நீதானே பாஞ்சு திருடனுக்குத் தெரியாத எடத்துல வெக்கிறேன்னே?”

“வெச்சேன். எனக்கும் தெரியல.”

“அப்ப டென்சில் கிட்டதான்…”

“வெச்சிடு போன!”

மணி இரண்டே முக்கால். நட்டைக் கவ்வும் பழைய சாக்கெட் ஒன்றை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் இரண்டு அடி அடித்தாள். எதிரே கண்ணாடிக் கதவு அசைந்தது. சட்டென்று சுத்தியலை மறைத்து, துணியால் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். கதவு மூடியதும் மறுபடி அடி. கதவு அசைந்ததும் மறுபடி துடைப்பு. கடைசியில் சாக்கெட் கெட்டியாக இறங்கியது. நீளக் கம்பியைக் கோத்து முழு பலத்தோடு அழுத்தினாள். சர்ரென்று சுற்றியது. முகம் மலர்ந்தது. பத்து சுற்று சுற்றிய பிறகுதான் சுற்றுவது வளையம் என்று புரிந்தது. நட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. விலை கூடின சாமான் அல்லவா.

உளியை வைத்துத் தட்டிப் பார்த்தாள். நட்டு குழிக்குள் ஆழமாக இருந்தது. உளி சாய வழியில்லை. இன்னும் அடித்தால் அலாய் வீல் விண்டுபோகும். அப்படியே உருட்டிப் போகலாமென்றால், காற்றில்லாமல் ஓட்டாதீர்கள், ரிம் போய்விடும் என்று இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே சொன்னவள் அவள்.

இனி ஒரே வழி, லாக் நட்டின் தலையில் சாதா நட்டு ஒன்றை வெல்டிங் வைத்து ஒட்டித் திருப்புவது. அந்தச் சந்தில் வெல்டிங் மெஷின் ஒன்றுதான். அது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

“சக்கரம் பளபளன்னு இருக்கும்மா, போதும்,” என்றார் கிருஷ்ணப்பா. “லாரி அல்சூர் தாண்டிடுச்சாம். பேக, பேக! சீக்கிரம்மா!”

பாஞ்சாலி தலைக்கு மேலிருந்த பலகையை ஒரு முறை பார்த்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

“டென்சில் சார்…”

“சாரா? யாருக்கு மா உடம்பு சரியில்ல?”

“வெளையாடாதீங்க. லாக் நட்டு. சாவி காணோம். வெல்டிங் வெக்கணும்.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். “நீங்கதான் ஜெயிச்சீங்க. பலகைய திருப்பிடறேன்.”

டென்சில் சிரிப்பாரென்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெல்டிங் வெக்கிறேன். ஆனா மொதல்ல நீ வெச்சத எடு.”

“நான் என்னத்த வெச்சேன்?”

“ஆக்ட் பண்ணாத, மேன். மூணு வாரமா ஒரு கஸ்டமர் வரல. பூசணிக்காய்க்குள்ள சூனியம் வெச்சு என் வாசல்ல ஒடச்சியே!” குறடால் மாதா சிலைக்குப் பின்னாலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைத் தூக்கி, கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் வைத்தார். “கையால தொடல. தீர்த்தம் தெளிச்சு மாதா காவல்ல வெச்சிருக்கேன். ஃபாதர்கிட்ட காட்டினேன். ‘ஏதோ மோட்டார் பார்ட் மாதிரி இருக்கே’ன்னார். பாவம், அவருக்கென்ன தெரியும்.”

பாஞ்சாலி பொட்டலத்தைப் பிரித்தாள். குங்குமமும் காய்ந்த பூசணி நாரும் அப்பிய இரும்புக் குப்பி. பொட்டு வைத்த சாவியைச் சில்லறைத் தட்டில் போட்டதும், அந்தத் தட்டை அப்படியே பூசணிக்காயில் கவிழ்த்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தானையால் துடைத்தாள். உள்ளே பூ வெட்டு தெரிந்தது.

டென்சில் குனிந்து பார்த்தார். நாற்பது வருஷம் சக்கரம் கழற்றியவரின் காது சிவந்தது.

“லாக் நட்டு சாவி,” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“ஃபாதர்கிட்ட சொல்லிடாத, மா.”

நாலு நிமிஷத்தில் சக்கரம் மாறியது. கார் நகரவும் லாரி நுழையவும் சரியாக இருந்தது. டென்சில் தன் வாசலில் நின்று, யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. பாஞ்சாலியும் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, கொடியேற்ற வந்த கிருஷ்ணப்பா அண்ணாந்து பார்த்தார். பலகை சுவரைப் பார்த்துத் தொங்கியது.

“ஏனம்மா, என்னாச்சு?”

“தூசி, சார்.”

பாட்டும் பேச்சும் முடிந்து லட்டு கொடுக்கும் நேரத்தில், டென்சில் இஸ்திரிச் சட்டையோடு ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். ஏறி, பலகையைத் திருப்பி மாட்டினார்.

“வார்த்தைன்னா வார்த்தை,” என்றாள் பாஞ்சாலி. “உங்ககிட்ட வந்தேன் இல்ல?”

“வந்தே. கழட்டினது யாரு? உன் சாவி. நான் காவல்தானே இருந்தேன்?” ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அவர் கால் கொஞ்சம் தடுமாறியது, அவள் பிடித்துக்கொண்டாள். “அடுத்த வருஷம் பூசணிக்காய அந்தப் பக்கம் பாத்து ஒட.”

இப்போதும் அந்தக் கடைக்கு யாராவது லாக் நட்டு சாவியைத் தொலைத்துவிட்டு வருவதுண்டு. பாஞ்சாலி ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்பாள்.

“பூஜை பண்ணிப் பூசணிக்காய் ஒடச்சீங்களா? எந்தக் கடை வாசல்ல?”

அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். எதிரே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டென்சிலுக்கு இருமல் வந்துவிடும்.