பின்னால் வந்த நம்பர்

சேனலை அழிக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கும் முன் அமுதவல்லி இரண்டு நம்பரையும் போட்டுப் பார்த்துவிடுவாள். மாவு மில்லிலிருந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் உட்காருவதால் ரிமோட்டுக்குச் சுற்றிய பிளாஸ்டிக் கவர் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். மாதக் கட்டணம் இல்லாத டிஷ். புதிதாகச் சேனல் தேடவிட்டால், இருக்கிற சேனலே பட்டியலின் கடைசியில் இன்னொரு நம்பரிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். முன்னால் இருப்பதில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான், படம் வராது. பின்னால் வந்ததில்தான் ஆள் தெரியும், பேச்சு கேட்கும்.

பொன்னமராவதியில் அவள் தெருக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பின்னால் வந்தது டூப்ளிகேட் என்று அதை அழித்துவிட்டுக் கறுத்த திரைக்கு முன் முழிப்பார்கள். பிறகு, "அமுதக்கா, செத்த வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். போவாள், திட்டிக்கொண்டேதான் சரிசெய்வாள். "முன்னால நிக்கிதுன்னா கும்புட்டுருவியா? படம் வருதான்னு பாக்க மாட்டியா?" மூன்றாம் வீட்டு ரமீஜா மட்டும் சிரிப்பாள். "டிவியத்தான் சொல்றீங்களாக்கா?"

ரமீஜா கேட்டதில் தப்பில்லை. பிச்சைமுத்துவுக்கு அமுதவல்லி இரண்டாந்தாரம். முதல் மனைவி செவந்தி இறந்தபோது மகள் கலைமதிக்குப் பேச்சுகூடத் திருந்தவில்லை. அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது, மாவரைத்த காசில் நர்சிங் படிக்கவைத்தது எல்லாம் அமுதவல்லிதான். வீட்டில் விசேஷம் என்றால் செவந்தியின் படத்துக்கு மாலை, இவளுக்கு அடுப்படி. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கலைமதியின் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அத்தனையையும் விழுங்கினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு வந்தது. அமுதவல்லி ரிமோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிச்சைமுத்துவின் அக்கா பிரகதாம்பாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "தாரை வாக்க நானும் எங்க வீட்டுக்காரரும் நிக்கிறோம். பெத்தவ நிக்க வேண்டிய எடத்துல இன்னொருத்தி நின்னா நல்லாவா இருக்கும்?"

பிச்சைமுத்து மகளைப் பார்த்தார். 'எங்கம்மாதான் நிக்கும்' என்று கலைமதி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அத்தையே நிக்கட்டும்ப்பா. எதுக்குப் பிரச்சினை?" என்றாள். அமுதவல்லியை அக்காக்காரி சொன்னது சுடவில்லை. இவள் சொன்னதுதான் சுட்டது.

பேச்சை மாற்ற பிச்சைமுத்து டிவியைக் காட்டினார். "இந்த நியூஸு ரெண்டு எடத்துல வருது பாரு. டூப்ளிகேட்ட அழிச்சிட்டு வையி."

"எதங்க அழிக்க?"

"பின்னால வந்ததத்தான். இதக்கூடவா கேப்ப?"

வேறு நாளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். அன்று படம் வந்துகொண்டிருந்த பின் நம்பரை அழித்தாள். முன் நம்பரைப் போட்டாள். கறுத்த திரையில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்து நின்றது. ரிமோட் கவரில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் சுத்தமாகத் துடைத்து, பிச்சைமுத்துவின் கையில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.