ஆதரவுக் கடிதம் இல்லாத ஜெபம்

ஜெபக்கூட்டத்தில் நடுவே கண்ணைத் திறப்பது மரியாதை இல்லை. அன்று நான் திறந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒரு சகோதரி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா பிதாவே, கிள்ளானிலிருந்து வருகிற எங்கள் சகோதரருடைய மகளை உம்முடைய பாதத்தில் வைக்கிறோம். புருஷனை விட்டுப் பிரிந்து மூணு மாசமா சுங்கை பூலோவிலே தனி ரூமிலே இருக்கிற அந்தப் பிள்ளையைத் திரும்பச் சேர்த்து வையும் ஆண்டவரே...”

“ஆமென், ஆமென்” என்றார்கள் எல்லாரும்.

எங்கள் சபைக்குக் கிள்ளானிலிருந்து வருகிறவன் நான் ஒருவன்தான். எனக்கு மகள் ஒருத்திதான். சுங்கை பூலோ சரி. மூன்று மாதமும் சரி. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ரகசியக் கோப்புகளின் அறைக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு துல்லியமான கசிவை நான் பணியில் பார்த்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த என் நண்பர் மட்டும் கண்ணை மூடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் அவசரமாக மூடிக்கொண்டார்.

மகள் அந்த விஷயத்தை என்னிடம் சொன்னது அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். நான் வைத்த மீன் குழம்பில் புளி அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். சுபாங் ஜெயாவில் கணவன் வீட்டைவிட்டு வந்து இரண்டு மாதமாகிறது. அடி உதை இல்லை, வேறு பெண் இல்லை. பேச்சு நின்றுபோன வீடு, அவ்வளவுதான். இப்போது இருவரும் வாரம் ஒரு முறை வெளியே சந்திக்கிறார்கள். மறுபடி பேச வருகிறது.

“அவர் அம்மாவுக்குத் தெரியாதுப்பா. வேலை விஷயமா நான் ஜொகூர்ல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கார். தெரிஞ்சா சொந்தம் மொத்தமும் வந்து உக்காந்துக்கும். அப்புறம் முடிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?”

“அம்மா இருந்திருந்தா அம்மாகிட்டதான் சொல்லியிருப்பேன்” என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வழி எதுவும் தெரியவில்லை.

மறுநாள் முதல் ஜெபித்தேன். காலை ஆறு மணிக்கு, மனைவி உட்காரும் நாற்காலியில். ஒழுங்காகத்தான் செய்தேன்: முதலில் பின்னணி, பிறகு நடப்பு நிலை, கடைசியில் வேண்டுகோள். என் பழைய அலுவலக முகப்பில் ஒரு பலகை தொங்கும். விண்ணப்பங்களுக்குப் பதினான்கு வேலை நாட்களில் பதில் தரப்படும் என்று எழுதியிருக்கும். பதினான்கு வேலை நாட்கள் போயின. சனி, ஞாயிறு, ஒரு பொது விடுமுறை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் எண்ணினேன். மேலிருந்து ஒன்றும் வரவில்லை.

பதில் வராத விண்ணப்பத்துக்கு என்ன செய்வது என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆதரவுக் கடிதம் வைக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர், கோயில் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்ட கடிதங்களை எத்தனையோ கோப்புகளில் நானே கோத்திருக்கிறேன். அவற்றால் காரியம் நகர்ந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் கொண்டுவந்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். எனக்கும் அந்த நிம்மதி தேவைப்பட்டது. என் ஒற்றைக் குரல் மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நண்பரை இருபது வருடங்களாகத் தெரியும். என் மனைவியின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் கிள்ளான் ரயிலைப் பிடிக்கும்வரை இருவரும் பக்கத்துக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிப்போம். அங்கேதான் சொன்னேன்.

“நமக்குள்ள இருக்கட்டும் பிரதர்.”

“என்ன பிரதர் நீங்க! என்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு” என்றார் வடையைப் பிட்டுக்கொண்டே. “இனிமே நானும் ஜெபிக்கிறேன். விடுங்க.”

அந்தக் கிணற்றில் எத்தனை பேர் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் மீஹூன் தட்டோடு உட்கார்ந்தபோது அவரை வெளியே லிஃப்ட் பக்கம் அழைத்துப் போனேன்.

“யார் சொன்னது?”

“கோவிச்சுக்காதீங்க பிரதர். என் வைஃப்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அவளும் ஜெபிக்கட்டுமேன்னு.”

“அவங்க?”

“அவ சிஸ்டர்ஸ் குரூப்ல ஜெபக்குறிப்பா போட்டிருக்கா. பேர் போடலை லா.”

“ஊர் போட்டாங்க, மாசம் போட்டாங்க, ரூம் போட்டாங்க. ரூம் நம்பர் ஒண்ணுதான் பாக்கி.”

“எல்லாம் அன்புலதானே பிரதர் செய்றாங்க?”

“குரூப்ல எத்தனை பேர்?”

“ஒரு... அறுபது பேர் இருப்பாங்க.”

லிஃப்ட் வந்தது. நான் மட்டும் ஏறினேன்.

அந்த அறுபது பேரில் ஒருவர் என் மகளின் மாமியாருக்குத் தோழி. நான்கு நாட்கள் போதுமானதாக இருந்தன. மகள் சொன்னபடியே சுபாங் ஜெயா வீட்டில் சொந்தம் மொத்தமும் போய் உட்கார்ந்தது. ஊர் கூடி ஜெபம் பண்ணுகிற அளவுக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்துவிட்டாயே என்று மாமியார் மகனைக் கேட்டாராம். அவன் அதற்குப் பிறகு மகளின் போனை எடுக்கவில்லை.

மகள் வந்தாள். உட்காரவில்லை.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“ஒருத்தர்கிட்ட மட்டும்தான்மா. ஜெபத்துக்காக.”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே இதை எங்கே கேட்டேன் என்று எனக்கு உறைத்தது.

“நானும் ஒருத்தர்கிட்ட மட்டும்தான்ப்பா சொன்னேன்.”

வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

“ஏன், நீங்க ஒரு ஆள் சொன்னா கடவுளுக்குக் காது கேக்காதா?”

பணிக்காலத்தில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு சுற்றறிக்கை இருக்கும். இதற்கு ஒன்றைத் தேடுவதற்குள் அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

அடுத்த சில வாரங்கள் ஆராதனைக்குப் போனேன், ஆனால் பாடவில்லை. நண்பர்மேல் இருந்த கோபத்தைவிட ஆண்டவர்மேல்தான் அதிகம். உம்முடைய ஜெபக்கூட்டத்தில், உம்முடைய பெயரைச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு என் மகளை விற்றார்கள். நீர் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர் என்று காலை ஆறு மணிக்கு அதே நாற்காலியிலிருந்து கேட்டேன். பதினான்கு நாள் கெடுவெல்லாம் இந்த முறை கொடுக்கவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்ய உட்கார்ந்தேன். சபைக் குழுவுக்கு ஒரு புகார்க் கடிதம். சபையின் விதிகளில் எந்தப் பிரிவு, யாருக்கு நகல், எத்தனை நாளில் விசாரணை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்; அந்த விதிகளைத் தட்டச்சு செய்ததே நான்தான். நல்ல புகாரில் சம்பவங்கள் நடந்த வரிசையில் இருக்க வேண்டும், ஒன்றும் விடுபடக் கூடாது. கீழே பணியாற்றியவர்களுக்கு இதை வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் முதல் பத்தியை இப்படித்தான் தொடங்க முடிந்தது: என் மகள் என்னை நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை நான் இன்னாரிடம் தெரிவித்தேன்.

இரண்டு நாட்கள் அந்த வரியை எப்படித் தவிர்ப்பது என்று பார்த்தேன். அதை எடுத்தால் கடிதம் நிற்கவில்லை. முதல் கசிவு என் அறையிலிருந்துதான். நண்பரை நம்பிச் சொன்னேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் ஆண்டவரை நம்பாததால்தான் சொல்லியிருக்கிறேன். கடிதம் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, கையெழுத்தில்லாமல்.

நண்பர் இப்போதும் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறார். போன மாதம் வாசலில் பிடித்துக்கொண்டார்.

“மகள் எப்படி பிரதர்? ஏதாச்சும் ஜெபிக்கணுமா?”

“மழை நிக்கணும்னு ஜெபிங்க. ரயிலுக்குப் போகணும்.”

தே தாரிக் இல்லாமல் ரயிலேறினேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். படிவத்தில் அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.

மகள் மாதம் ஒரு முறை வருகிறாள். சாப்பிடுகிறாள், குழம்பைத் திட்டுகிறாள். கணவன் போனை எடுத்தானா, இன்னும் சுங்கை பூலோவில்தான் இருக்கிறாளா என்று ஒன்றும் சொல்வதில்லை. போன ஞாயிறு மாலை காலணியை மாட்டிக்கொண்டே, கேட்டைப் பிடித்து நின்ற என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

“ஜெபத்துல வச்சுக்கோங்கப்பா.”

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் காலணி வாரை இழுத்து மாட்டிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ மாட்டியாகிவிட்டது. நான் கேட்கிறேனா என்று காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

“சரிம்மா.”

எழுந்தாள். “குரூப்ல போட்டுடாதீங்க” என்றாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தாள்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். காலை ஆறு மணிவரை காத்திருக்கவில்லை. பின்னணி தெரியாது. நடப்பு நிலை தெரியாது. என்ன வேண்டுவது என்றுகூடத் தெரியாது. இப்படி ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, உமக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது அவருக்குப் புதிய தகவலாக இருந்திருக்காது.